டயாலிசிஸில் இருப்பவருக்குப் பயிற்சி எங்கே: கட்டிலிலா, பயிற்சி அறையிலா, வீட்டு முற்றத்திலா?

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்கு வந்து போகிற ஒருவருடைய நாளை மணிக்கணக்காக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். பாம்பன் பாலம், மண்டபம், உச்சிப்புளி தாண்டி வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். கட்டில் காலியாகும்வரை காத்திருப்பு. பிறகு இயந்திரத்தில் நான்கு மணி நேரம். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம். மறுபடி பஸ். வீட்டுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள் இப்படி.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்கள் இந்தத் தாளை எழுதுவதற்கு முன்பே சீட்டை எழுதிவிடுகிறார்கள்: 'தினமும் அரை மணி நேரம் நடக்கவும்.' நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். விசைப்படகில் இருபது வருஷம் போன ஒருவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "முன்ன மூணு நாள் கடலுக்குப் போனேன் டாக்டரம்மா, இப்ப மூணு நாள் மிஷினுக்குப் போறேன். மிச்ச நாலு நாளையும் நீங்க எடுத்துக்கிட்டா நான் எப்ப படுக்கிறது?" என்று கேட்டார். இந்தக் கரையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். அவர் கணக்கு அங்கிருந்து வந்தது. எனக்குத்தான் கணக்கு இல்லை.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பயிற்சி நல்லதா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. நல்லதுதான். எங்கே, எந்த நாளில் கொடுப்பது என்பதில்தான் தகராறு. மூன்று வழிகள் இருக்கின்றன. இயந்திரத்தில் படுத்திருக்கும்போதே கொடுக்கலாம். டயாலிசிஸ் இல்லாத நாளில் பயிற்சி அறைக்கு வரச் சொல்லலாம். வீட்டிலேயே செய்யச் சொல்லிவிட்டு அவ்வப்போது போய்ப் பார்க்கலாம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கரையில் பெரும்பாலானவர்களுக்கு வீடுதான். ஆனால் அதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு.

முதலில் கிட்னியைப் பற்றிக் கொஞ்சம். பரீட்சைக்குப் படித்ததையெல்லாம் திருப்பிச் சொல்லப் போவதில்லை. பயிற்சி கொடுக்கிறவருக்கு என்ன வேண்டுமோ அது மட்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் எடைதான். ஆனால் இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் தள்ளினால் அதில் ஒரு லிட்டருக்கு மேல் இந்த இரண்டுக்கும் போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியே அனுப்பிவிட்டு மற்றதை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் கிட்னி நோயின் ஐந்தாம் கட்டம், அதாவது கடைசிக் கட்டம். டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

வடிகட்டுகிற வேலையை இயந்திரம் ஓரளவு எடுத்துக்கொள்கிறது. கிட்னி சத்தமில்லாமல் பார்த்துவந்த மற்ற வேலைகளை அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. நம் கையில் அகப்படுவது அவற்றின் குறைதான். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்ட்டின் குறைவதால், இரண்டு படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது. வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவும்படி மாற்றித் தர ஆள் இல்லாததால் எலும்பு நோகிறது; தொடைத் தசைநார் முழங்காலுக்கு மேலே திடீரென்று அறுந்துபோனவர்களும் உண்டு. ரத்தத்தில் அமிலம் தேங்கித் தசையைக் கரைக்கிறது. பாத நரம்பு மரத்துப்போகிறது. பொட்டாசியம் ஏறினால் கால்கள் தொய்ந்துபோகும், இதயம் தாளம் தப்பும். அந்த இரண்டாவதுதான் உயிரை எடுக்கும். பல பேர் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையில் இருப்பார்கள், நாடித் துடிப்பை எண்ணி உழைப்பை அளக்க முடியாது. அதனால் எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணால் சொல்லும், 6-லிருந்து 20 வரை போகும் போர்க் அளவுகோலில் 11 முதல் 13 வரை, அதாவது 'லேசு' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் நடுவில், நிறுத்துங்கள். பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். பாட வந்தால் போதவில்லை.

இன்னொரு வார்த்தைச் சிக்கலும் உண்டு. கிரியாட்டினின் கூடினால் நம் பக்கத்தில் 'உப்பு கூடிருச்சு' என்பார்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா, "உப்புக்குள்ளயே நின்னேன், அதான் உடம்புல ஏறிருச்சு" என்று பல வருஷம் நம்பியிருந்தார். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை வற்றிய கிழவிக்கு அது குறைவாகக் காட்டும், பயிற்சியால் தசை ஏறியவருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அறிக்கையில் ஒரு எண் ஏறியதும் 'பயிற்சியால்தான் உப்பு கூடிருச்சு' என்று குடும்பம் பயிற்சியை நிறுத்திவிடும். முதல் நாளே இதைச் சொல்லிவைக்க வேண்டும். சாப்பாட்டு உப்பு வேறு சங்கதி. அது தாகத்தைக் கிளப்பும். தாகம் தண்ணீரைக் கேட்கும். ஒரு லிட்டர் தண்ணீர் தராசில் ஒரு கிலோ.

இயந்திரத்தின் பக்கத்தில்

கட்டிலின் கால்மாட்டில் ஒரு மிதி சைக்கிளை வைத்து, படுத்தபடியோ சாய்ந்தபடியோ மிதிக்கச் சொல்வது. சைக்கிள் இல்லாவிட்டால் கணுக்காலில் மணல் பை, ரப்பர் பட்டை, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஃபிஸ்டுலா, அதாவது ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம், உள்ள கை அசையாமல் இருக்க வேண்டும். தொடையிடுக்கில் குழாய் போட்டிருப்பவருக்கு மிதிப்பது கூடாது. எல்லாவற்றையும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு உடம்பிலிருந்து நீர் போதிய அளவு இறங்கியிருக்கும், ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் மணியில் மிதிக்கச் சொல்லும் மாணவரைப் பார்த்து நர்ஸ் முறைத்தால் தப்பு நர்ஸ் மேல் இல்லை.

இதன் பெரிய வசதி நேரம். நான்கு மணி நேரம் மேலே சுற்றும் ஃபேனை எண்ணிக்கொண்டு கிடப்பவர் அதில் அரை மணி நேரம் மிதித்தால் அவர் வாழ்க்கையில் புதிதாக ஒரு நிமிடம்கூடச் செலவாகவில்லை. பக்கத்திலேயே ரத்த அழுத்தக் கருவி, டாக்டர், நர்ஸ் எல்லாரும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 21 மையங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு வருஷம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதுதான் அதன் அளவை. பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 16-லிருந்து 19-க்கு ஏறினார்கள். செய்யாதவர்கள் அதே 16-லிருந்து 15-க்குக் கீழே இறங்கினார்கள். மறுபக்கம், பிரிட்டனில் ஆறு மாதம் கட்டிலில் சைக்கிள் மிதிக்க வைத்த இன்னொரு ஆய்வில், வாழ்க்கைத் தரம் என்று கேள்வித்தாளில் அளந்தது அசையவே இல்லை. நான் இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன். கட்டில் பயிற்சி காலுக்கு வலு தரும்; மனசு குளிர்ந்துவிடும் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

இங்கே இதில் உள்ள இடைஞ்சல் வேறு மாதிரி. ஒரு அமர்வுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓட வேண்டும். கிணறு தோண்டினால் உவர்நீர் வரும் மாவட்டத்தில் ஊருக்கு ஒரு மையம் வைப்பது லேசான காரியம் இல்லை. அதனால் இருக்கிற கட்டில்களுக்கு ஆள் நெருக்கம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே சைக்கிளை நிறுத்தினால் நர்ஸ் நடக்க வழியில்லை. பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் வேறு பிரிவில் இருப்பார். ஒரு மாதப் பயிற்சிக்கு வரும் மாணவர் ஆர்வமாகத் தொடங்கி வைப்பார். அவர் போன மறுநாளே சைக்கிள் மூலைக்குப் போய்விடும். இது நான் மூன்று தடவை பார்த்த கதை.

இருந்தும் முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிற அப்பத்தா, துணைக்கு ஆள் இல்லாத ஐயா, ஒரு தடவை விழுந்து எழுந்ததிலிருந்து நடக்கவே பயப்படுகிறவர்: இவர்கள் நம் கண்ணில் படுவது வாரம் மூன்று தடவை அந்தக் கட்டிலில் மட்டும்தான். இவர்களுக்கு வீட்டுப் பயிற்சிச் சீட்டு எழுதுவது, கடிதத்தைக் கடலில் போடுவது மாதிரி. கட்டில் பயிற்சி எவ்வளவு குறைபட்டதாக இருந்தாலும் இவர்களுக்கு அதுதான் கிடைக்கும். கொடுங்கள்.

பயிற்சி அறையில்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். புத்தகப்படி பலன் அதிகம் இதில்தான். கிரேக்க நாட்டில் மூன்று வழிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. டயாலிசிஸ் இல்லாத நாளில் பயிற்சி அறைக்கு வந்தவர்களுக்கு உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 43 சதவீதம் கூடியது. கட்டிலில் செய்தவர்களுக்கு 24, வீட்டில் செய்தவர்களுக்கு 17. ஆனால் பாதியில் விட்டுப் போனவர்களும் பயிற்சி அறைக் கூட்டத்தில்தான் அதிகம்: அங்கே 24 சதவீதம், மற்ற இரண்டிலும் 17.

வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறுகிறவரை நான்காவது நாளும் ஐந்தாவது நாளும் ஏறச் சொல்வது நம் கரையில் நடக்காது. பெண்கள் என்றால் கூட வர இன்னொருவர் வேலையை விட வேண்டும். ராமநாதபுரம் ஊருக்குள்ளேயே இருப்பவர்கள், கிட்னி மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கும் இளவயதுக்காரர்கள், பக்கவாதமோ கால் இழப்போ சேர்ந்திருப்பதால் இணைக் கம்பிகள் இல்லாமல் நடை பழக முடியாதவர்கள் என்று மூன்று வகைக்கு மட்டும் இதை எழுதுகிறேன். மற்றவர்களை மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வரச் சொன்னால் போதும், அதுவும் டயாலிசிஸ் நாளில், ஊசி குத்துவதற்கு முன்னால்.

ஊசி எடுத்த பிறகு என்றால் வேண்டாம். வந்த கையோடு முடித்துவிடலாமே என்று ஒருவரை டயாலிசிஸ் முடிந்து அரை மணி நேரத்தில் ஆறு நிமிட நடைச் சோதனைக்கு அழைத்தேன். நன்றாகத்தான் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் தலை சுற்றி விழுந்தார். மூன்று கிலோ நீரை இறக்கியிருந்த உடம்பு அது. நல்ல வேளை, ஃபிஸ்டுலா கை அடியில் மாட்டவில்லை. அன்றிலிருந்து டயாலிசிஸ் முடிந்தவருக்கு என் ஒரே பயிற்சி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது.

வீட்டு முற்றத்தில்

வீட்டுப் பயிற்சியை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆள் பக்கத்தில் இல்லை, கருவி இல்லை, செய்தாரா இல்லையா தெரியாது என்போம். இத்தாலியில் சுமார் 300 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தைரியம் தந்தது. அங்கே கொடுத்தது வெறும் நடை. டயாலிசிஸ் இல்லாத நாளில், வீட்டிலேயே, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, தாளக் கருவியின் வேகத்துக்கு அடி வைத்து நடப்பது. ஆறு மாதத்தில் ஆறு நிமிட நடைத்தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டருக்கு ஏறியது. செய்யாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கிரேக்க ஆய்வில் வீட்டுக்கு வந்த 17 சதவீதம் கடைசி இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதியில் நின்றுபோகிற 43-ஐவிட வருஷம் முழுக்க ஓடுகிற 17-ஐ நான் எடுத்துக்கொள்வேன்.

பத்து நிமிடம் என்ற அளவுதான் இதில் சூட்சுமம். அரை மணி நேரம் என்றால் அது ஒரு வேலை; பத்து நிமிடம் என்றால் முற்றத்துக்கும் தெருமுனைக்கும் நான்கு தடவை போய் வருவது. தாளக் கருவி செயலி இப்போது எல்லாக் கைப்பேசியிலும் இறங்கும். நிமிடத்துக்கு 70 காலடியில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏற்றுங்கள்.

எங்கே நடப்பது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 'கடற்கரையில் நடங்கள்' என்று வெளியூர் மாணவர்கள் ஆசையாக எழுதுவார்கள். காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு தேவை. ரத்தம் குறைந்தவருக்கு அது மலை ஏறுவது. அதோடு, சர்க்கரையாலும் கிட்னியாலும் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடந்தால் சிப்பி கிழித்ததும் தெரியாது, மதிய மணல் சுட்டதும் தெரியாது. செருப்புப் போட்டுக்கொண்டு, தெருவிலோ கோயில் வாசலிலோ, வெயில் ஏறுமுன். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே அடி வைத்தால் போதும்.

நடையோடு இன்னொன்று சேருங்கள்: எழுந்து உட்காருவது. சுவரில் முட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலி, இல்லையென்றால் திண்ணை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழ வேண்டும், ஒரு நிமிடம் ஓய்வு, திரும்ப ஐந்து. மூச்சை அடக்காமல் எழும்போது ஊதச் சொல்லுங்கள். நம் ஊர்க் கழிப்பறையில் எழுந்திருக்க முடிகிறதா என்பதுதான் பலருக்கு உண்மையான சோதனை. நாற்காலி அதற்கு ஒத்திகை. ஃபிஸ்டுலா போட்ட கைக்குத் தண்ணீர்க் குடம் கூடாது, முழங்கை மடிப்பில் பை தொங்கவிடக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுக்கக் கூடாது, அதில் ரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது. தையல் ஆறியபின் பந்தை அமுக்கிப் பழகலாம். தினமும் காலையில் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்த்து ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று நோயாளியே பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் பயிற்சியை அல்ல, டாக்டரை நினைக்க வேண்டிய நேரம்.

எந்த நாளில் என்பதில்தான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். டயாலிசிஸ் இல்லாத நாள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. வாரம் மூன்று அமர்வு என்றால் எங்கேயோ ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். ஞாயிற்றுக்கிழமை மையம் மூடியிருப்பதால் பெரும்பாலும் வாரக் கடைசியில். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் உடம்பில் நீரும் பொட்டாசியமும் உச்சத்தில் இருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாரடைப்பும் திடீர் மரணமும் அதிகம் வருவதும் அந்த வேளையில்தான். ஞாயிற்றுக்கிழமை நம் கரையில் என்ன சமைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மீன் குழம்பும் கருவாட்டுப் பொரியலும் உள்ளே போய், தாகத்துக்கு இளநீரும் வெட்டினால், உப்பு, நீர், பொட்டாசியம் மூன்றும் ஒரே நாளில் ஏறிவிடும். இளநீர் 'குளிர்ச்சி' என்று இவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற உறவினரைத் தடுக்கிற வேலையும் நம்முடையதுதான். பதநீருக்கும் இதே பேச்சுதான்.

ஆகவே வீட்டுப் பயிற்சி, டயாலிசிஸுக்கு அடுத்த நாள். இரண்டு நாள் இடைவெளியில் முதல் நாள் சரி. இரண்டாம் நாள் வெறும் வீட்டு நடமாட்டம். வீட்டில் ஒரு எடைக் கருவி கட்டாயம் வேண்டும். உலர் எடை, அதாவது டயாலிசிஸில் கூடுதல் நீரெல்லாம் இறங்கியபின் இருக்கும் எடை, 50 கிலோ உள்ளவர் 52-ஐத் தாண்டியிருந்தால் அன்று பயிற்சி இல்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலில் அமுக்கினால் குழி விழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கால் திடீரென்று துணிபோல் துவளுகிறது, காய்ச்சல் குளிர் வருகிறது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 180-க்கு மேல் நிற்கிறது என்றாலும் அப்படித்தான். டயாலிசிஸ் ஒன்றைத் தவறவிட்டவருக்கு, காரணம் எதுவாக இருந்தாலும், அடுத்த அமர்வு முடியும்வரை ஒன்றும் கிடையாது.

யார் போய்ப் பார்ப்பது? 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. இயந்திரம் இல்லாமல் வயிற்றுக்குள் திரவம் விட்டு வடிக்கும் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்தத் திரவப் பைகளைக் கொண்டு தருவதும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. கிட்னியையும் பிசியோதெரபியையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவருகிற ஏற்பாடு இது. ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவர் வாரா வாரம் வர முடியாது. மாதம் ஒரு தடவை வந்து, காலண்டரில் அவர்கள் போட்டிருக்கும் கோடுகளை எண்ணி, தாளத்தை ஏற்றிவிட்டுப் போனாலே போதும்.

வயிற்றில் பை மாற்றுகிறவர்கள்

இவர்களுக்கு எங்கே என்ற கேள்வி எழாது, வீடுதான். எப்போது என்பது மட்டும் மாறும். இரண்டு லிட்டர் திரவம் வயிற்றுக்குள் இருக்கும்போது குனிந்து எடை தூக்கினால் உள் அழுத்தம் ஏறும், குடலிறக்கம் வரலாம். பழைய திரவத்தை வடித்துவிட்டு, புதிதை விடுவதற்கு முன் வலுப்பயிற்சி; நடை எப்போது வேண்டுமானாலும். படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை மறந்துவிடுங்கள். பஸ் பயணம் இல்லாததால் இவர்களுக்கு நேரமும் தெம்பும் கூடுதல், நாள்தோறும் நீர் இறங்குவதால் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கண்டம் அவ்வளவாக இல்லை. அந்த வகையில் நம் கரைக்குப் பொருத்தமான சிகிச்சை என்றே நினைக்கிறேன், ஆனால் அதை முடிவு செய்வது கிட்னி டாக்டரான நெப்ராலஜிஸ்ட்.

ஒன்றே ஒன்று. குழாய் வெளியே வரும் இடத்தில் கடல்நீர் படக் கூடாது. பாசி எடுக்கக் கழுத்தளவு நீரில் இறங்கிப் பழகிய பெண்களுக்கும், ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் மூழ்காமல் திதி முடியாது என்று நினைக்கிற குடும்பங்களுக்கும் இது மனசு நோகும் செய்தி. 22 தீர்த்தத்து வாளித் தண்ணீரும் அதே கணக்கில்தான் சேரும். தலையில் தெளித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வடித்த திரவம் கலங்கலாக வந்தாலோ வயிறு வலித்தாலோ அன்றே மருத்துவமனை.

டயாலிசிஸுக்கு வராமலே போயிருக்க வேண்டியவர்கள்

மூன்று வழிகளையும் ஒப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். கிட்னி நோயாளியை நாம் முதலில் பார்ப்பது டயாலிசிஸ் பிரிவில் இல்லை, குறுக்கு வலி வரிசையில். வலை இழுத்து முதுகு பிடித்தவர் மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாளும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்கக் கடலில் நிற்கிறார். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தை இன்னும் சுருக்கும். 'என்ன மாத்திரை போடுறீங்க, எத்தனை நாளா?' என்ற கேள்வியை இடுப்பைத் தொடுவதற்கு முன் கேளுங்கள்.

வலியையும் பிரித்துப் பாருங்கள். தசைவலி ஒரு பக்கமாகப் படுத்தால் தணியும், அசைந்தால் கூடும். கல்லடைப்பு வலி எப்படிப் படுத்தாலும் தணியாது. விலாவில் கிளம்பித் தொடையிடுக்குக்கு இறங்கும், ஆள் ஓரிடத்தில் நிற்க மாட்டார். கடைசி விலாவுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே லேசாகத் தட்டினால் துள்ளினார், காய்ச்சலும் நீர்க்கடுப்பும் இருக்கிறது என்றால் அது கிட்னியில் கிருமி. குறுக்கு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்து, உட்காரும் இடம் மரத்துப்போயிருந்தால் அது தண்டுவட நரம்புக் கொத்து நசுங்குவது. அன்றைக்கே அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியது. இதில் எதற்கும் வெந்நீர் ஒத்தடம் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

சரி, அந்த விசைப்படகுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குக் கட்டிலில் சைக்கிள் கிடைக்கவில்லை, பயிற்சி அறைக்கு வர மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அதனால் புதன், வெள்ளி, ஞாயிறு காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், திங்கட்கிழமை படுக்கலாம். "படுக்கிறதுக்கு ஒரு நாள் குடுத்துட்டீங்கள்ல, அப்ப சரி" என்றார். தொடங்கியது ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் நாள். மகன் வீட்டில் இருந்தார், எண்ண ஆள் இருந்தது. ஒரு நிமிடத்தில் எழுந்து உட்காருவது 11-ஆக இருந்தது 61 நாளில் 15 ஆனது. ஜூன் 15-ஆம் தேதி மகன் கடலுக்குப் போய்விட்டார். இப்போது பேத்தி எண்ணுகிறாள், அரைகுறையாக எழுந்தால் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.